பொறிக்கு முன் ஒரு துருசு: தெற்கு ஒன்ராறியோவின் நகரசபைகளுக்குத் திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய நகரசபை உறுப்பினர்களுக்கும் நீர்வடிநிலப் பாதுகாப்பு அதிகாரசபையினருக்கும்,

வணக்கம்.

நகர எல்லைக்குள் ஓடும் ஆறுகளிலும் ஓடைகளிலும் குளிர்காலத்தில் பீவர்களைப் பொறி வைத்துக் கொல்வதற்கு ஒப்பந்தம் கொடுக்கும் வழக்கம் உங்களில் பலரிடம் இருக்கிறது. மற்ற வழிகளைச் செய்து பார்த்து, அவை பயன்படவில்லை என்பதை எழுத்தில் பதிந்த பின்னரே அந்த ஒப்பந்தம் கொடுக்கப்பட வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். இதையே ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழில் பொதுவில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பகுதிகளின் ஆற்றோரக் குடியிருப்புகளில் எம்மவர் நிறையப் பேர் இருக்கிறார்கள். பின்வளவில் மரம் விழுந்ததென்று நகரசபைக்கு முறைப்பாடு செய்கிறவர்களிலும் நாங்கள் இருக்கிறோம். சபைகளில் உறுப்பினராக அமர்ந்திருப்பவர்களிலும் எம்மவர் இருக்கிறார்கள்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அகராதி இந்த விலங்கை நீரெலி என்கிறது. எங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து நாங்களும் பீவர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சிலர் நீர்நாய் என்கிறார்கள். நீர்நாய் வேறு விலங்கு, மீன் தின்பது. பீவர் மரப்பட்டையும் தளிரும் நீர்த்தாவரமும் தின்பது. இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், பீவருக்கு வைத்த பொறியில் நீர்நாயும் அகப்படும் என்பதே. அனுபவமுள்ள பொறிகாரர்கள் நீர்நாய் நழுவிப் போகட்டும் என்று பொறியின் விசைக்கம்பியை ஒரு பக்கமாக ஒதுக்கி வைப்பார்கள். ஒப்பந்தத்தை மலிவு விலைக்கு எடுத்தவரும் அப்படிச் செய்தாரா என்று பனிக்கட்டிக்குக் கீழே போய்ப் பார்ப்பவர் எவருமில்லை.

நான் நடக்கும் பாதையின் ஓரத்தில், ஓடை வளைந்து அகலும் இடத்தில், ஒரு பீவர் வீடு இருந்தது. கடுங்குளிர் நாட்களில் அதன் உச்சியில் கைப்பிடி அளவு இடத்தில் பனி உருகியிருக்கும். சுற்றியுள்ள குச்சிகளில் வெண்பூப் போல உறைபனி படர்ந்திருக்கும். உள்ளே இருக்கும் குடும்பத்தின் மூச்சு வெளியேறும் துவாரம் அது. ஒரு ஜனவரி மாதம் அந்த வீட்டிலிருந்து சில அடி தள்ளி, பனிக்கட்டியில் சதுரமாக ஒரு துளை வெட்டப்பட்டு, அதில் ஒரு கம்பு நடப்பட்டிருந்ததைக் கண்டேன். இரண்டு கிழமை கழித்துக் கம்பு இல்லை. துளை மீண்டும் உறைந்திருந்தது. வீட்டின் உச்சியில் பனி உருகாமல் மூடிக் கிடந்தது. அடுத்த ஆண்டு ஐப்பசியில் அதே வளைவில் வேறொரு சோடி வந்து அணை கட்டிக்கொண்டிருந்தது. அவற்றுக்கும் ஒரு கம்பு நடுவதற்கு அதிக காலம் செல்லவில்லை.

பீவர் குளிர்கால உறக்கம் கொள்ளும் விலங்கு அன்று. இலையுதிர் காலத்திலேயே பொப்லர், வில்லோ கிளைகளை வெட்டி இழுத்து வந்து, வீட்டின் முன்னால் நீரின் அடியில் குவித்து வைக்கும். மேலே பனிக்கட்டி மூடிய பிறகு, வீட்டின் நீரடி வாசலால் இறங்கி, அந்தக் குவியலில் ஒரு கிளையை எடுத்துக்கொண்டு திரும்புவதே அதன் அன்றாடம். தாயும் தந்தையும், அந்த ஆண்டு பிறந்த குட்டிகளும், முந்திய ஆண்டுக் குட்டிகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். குளிர் மிகுந்த மாதங்களிலேயே இணை சேரும். குட்டிகள் பெரும்பாலும் மே, ஜூனில் பிறக்கும். ஆகவே பிப்ரவரியில் கொல்லப்படும் பெண் பீவர் கருவுற்றிருக்கக் கூடும். பொறி வைப்பவருக்கோ இதைவிட வசதியான காலம் கிடையாது. உரோமம் தடித்து இருப்பதும் இப்போதுதான். முழுக் குடும்பமும் ஒரே இடத்தில் அடைபட்டு, ஓரிரு நீர்வழிகளால் மட்டும் போய்வருவதும் இப்போதுதான். பனிக்கட்டிக்கு அடியில் வரிசையாக உறைந்து நிற்கும் காற்றுக் குமிழிகளே அந்த வழியைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பயன்படுத்தப்படும் பொறியைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரண்டு சதுர இரும்புச் சட்டங்களை வில்லோடு பூட்டிய கொனிபெயர் பொறியில், 330 என்ற எண்ணுடைய, ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் அகலமான பெரிய வகையே பீவருக்கு வழக்கம். அதை உருவாக்கிய ஃபிராங்க் கொனிபெயர் வடமேற்கு ஆட்புலத்தில் பொறி வைத்து வாழ்ந்தவர். காலைக் கவ்வி நாட்கணக்கில் வதைத்த பழைய பொறிகளைப் பார்த்து மனம் வருந்தியே, விரைவாகக் கொல்லும் ஒன்றைத் தேடினார். 1950களின் இறுதியில் அது சந்தைக்கு வந்தது. பின்னர் 1997 இல் கனடா, ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்யா ஆகியன மனிதநேயப் பொறித் தரங்கள் குறித்து ஓர் உடன்படிக்கை செய்தன. கனடா 1999 இல் அதை உறுதிசெய்தது. கொல்லும் பொறி ஒன்று சோதிக்கப்படும் விலங்குகளில் குறைந்தது 80 வீதத்தை 300 வினாடிக்குள் மீளா மயக்கத்தில் ஆழ்த்த வேண்டும் என்பது பீவருக்கு அதில் விதிக்கப்பட்ட அளவு. பழைய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் 300 வினாடி என்பது ஐந்து நிமிடம் என்பதையும், அது விதியைக் கடைப்பிடித்த நிலையில் அனுமதிக்கப்படும் அளவு என்பதையும், ஒப்பந்தத்துக்குக் கைதூக்கும் உறுப்பினர்கள் அறிந்திருப்பது நல்லது. கழுத்தில் பூட்ட வேண்டிய சட்டம் இடுப்பில் பூட்டினால், மூச்சை 15 நிமிடம் வரை அடக்க வல்ல விலங்கு அது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

பொறி வைக்காமலே குடும்பத்தைக் கொல்லும் இன்னொரு வழக்கமும் உண்டு; அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. டிசம்பரிலோ ஜனவரியிலோ இயந்திரத்தைக் கொண்டுபோய் அணையை உடைத்துவிடுகிறார்கள். நீர்மட்டம் இறங்கியதும் வீட்டின் நீரடி வாசல் வெளியே தெரியத் தொடங்கும். சேமித்த கிளைகள் பனிக்கட்டியோடு சேர்ந்து உறைந்து எட்டாமற் போகும். புதிதாகக் கட்டச் சேறும் இல்லை, வெட்டிச் சேர்க்கக் காலமும் இல்லை. கோடையில் உடைத்தால் ஓரிரு இரவில் திருத்திவிடும் அதே விலங்கு, குளிர்காலத்தில் உடைத்தால் பசியிலும் குளிரிலும் சாகும். அணையை மட்டும்தான் எடுத்தோம், விலங்கைத் தொடவில்லை என்று அறிக்கை எழுதுவது இந்த நிலையில் சொற்சாதுரியம் மட்டுமே.

இவற்றையெல்லாம் இரக்கத்தின் பேரில் மட்டும் சொல்கிறேன் என்று நீங்கள் தள்ளிவைத்துவிடக் கூடாது என்பதற்காக, வரிப்பணத்தின் பக்கம் வருகிறேன். பீவர் இரண்டு வயதானதும் தாய்வீட்டை விட்டுப் புறப்படும். ஒவ்வோர் இளவேனிலிலும் இடம் தேடும் இளம் பீவர்கள் ஆற்றின் மேலும் கீழும் அலையும். சரிவு குறைந்த ஓடை, கரையோர வில்லோ, வீதிக்குக் கீழே ஒரு மதகு, இவை மூன்றும் சேர்ந்த இடம் அவற்றுக்குத் தயாராகக் காத்திருக்கும் காணி. இருந்த குடும்பத்தைக் கொன்றால் காணி காலியாகிறது, அவ்வளவே. அதனால்தான் ஒரே மதகுக்கு மூன்று நான்கு குளிர்காலங்கள் தொடர்ந்து பொறிகாரரை அழைக்க நேருகிறது. ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவை எண்ணிப் பாருங்கள். 2015 இல் சட்டத்தால் நிறுவப்பட்ட, இன்று ஏறக்குறைய 79 சதுர கிலோமீற்றர் பரந்த அந்த நிலத்தில் பீவர்கள் வாழ்கின்றன. அங்கே வளர்ந்து வெளியேறும் இளம் பீவருக்குப் பூங்காவின் எல்லைக்கல் தெரியாது.

இனி, எனக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லித்தான் வழியைக் காட்ட முடியும். நான் வன்னியில் ஒரு குளத்தின் கீழ் வளர்ந்தவன். குளக்கட்டு என்பது நீரைத் தடுப்பதற்கு மட்டும் உள்ளது என்று எங்களில் எந்த விவசாயியும் நினைத்ததில்லை. வேண்டிய அளவு நீரை விடுவதற்குத் துருசு உண்டு. மிஞ்சியது கட்டை உடைக்காமல் வெளியேற வான் உண்டு. மாரியில் குளம் வான் பாய்கிறது என்றால் ஊரே போய்ப் பார்க்கும். கட்டு தப்பியது என்ற நிம்மதியும் அதில் கலந்திருக்கும். பீவரின் அணையில் இல்லாதது இந்தத் துருசு ஒன்றுதான். அதை நாம் வைத்துக் கொடுக்கலாம்.

வட அமெரிக்காவில் பல இடங்களில் பயன்படுத்தப்படும் நீர்மட்டக் குழாய் இதைத்தான் செய்கிறது. இருபத்தைந்து முப்பது சென்ரிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்ரிக் குழாய் ஒன்றை அணையின் ஊடாக, நாம் விரும்பும் மட்டத்தில் பதிக்கிறார்கள். அதன் உள்வாய் அணையிலிருந்து பல மீற்றர் தள்ளி, ஆழமான நீருக்குள், கம்பிவலைக் கூண்டு ஒன்றின் நடுவே இருக்கும். இதன் சூட்சுமம் பீவரின் இயல்பிலேயே இருக்கிறது. ஓடும் நீரின் ஒலிதான் அதைக் கட்டத் தூண்டுகிறது என்பதை ஸ்வீடனின் லார்ஸ் வில்சன் போன்ற ஆய்வாளர்கள் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியே நிறுவியிருக்கிறார்கள்; ஒலி வந்த இடத்தில் பீவர் குச்சியும் சேறும் கொண்டுவந்து அடைத்தது. நீரடியில், சலசலப்பில்லாமல், கூண்டின் எல்லாப் பக்கத்தாலும் மெதுவாக உள்ளிழுக்கப்படும் நீரை அது கவனிப்பதில்லை. கசிவு எங்கே என்று அணையில் தேடும். அணையில் கசிவு இருக்காது. மட்டம் மட்டும் நாம் வைத்த இடத்தில் நிற்கும். வீதியை வெள்ளம் மூடாது. பீவருக்கும் வாசல் மூழ்கும் அளவு நீர் மிஞ்சும்.

மதகுகளுக்கு வேறொரு ஏற்பாடு. மதகின் வாயிலிருந்து மேல்நோக்கி விரிந்து செல்லும் வகையில் தூண் நட்டுக் கம்பிவலை அடித்தால், அடைக்க வேண்டிய நீளம் பல மடங்காகி, வேலி போகும் திசையும் நீரோட்டத்திலிருந்து விலகுவதால், பீவர் பெரும்பாலும் முயற்சியைக் கைவிடுகிறது. அப்படிக் கைவிடாத இடங்களில் வேலியோடு குழாயையும் சேர்க்கிறார்கள். மரங்களுக்கு அடிமரத்தைச் சுற்றி ஒரு மீற்றருக்கு மேல் உயரமாகத் தளர்வான கம்பிவலை போதும். பனி குவிந்தால் பீவர் அதன்மேல் ஏறி நின்று கடிக்கும் என்பதால், அந்த உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல் பனியின் மேலிருந்து அளக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் கட்டிய வலைக்கு மேலே கடியுண்ட மரங்களை நான் கண்டிருக்கிறேன். இவை எதற்கும் பெரிய பொறியியல் வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போய்க் கூண்டில் ஒட்டிய இலைகுப்பையை எடுக்க ஆள் வேண்டும். துருசைத் துப்புரவு செய்யாத குளம் எங்கும் நிலைத்ததில்லை.

உங்கள் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் ஏன் வெறுமையாக, மரமும் புல்லுமாக இருக்கின்றன என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். 1954 ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளி வந்தபோது ஒன்ராறியோவில் 81 பேர் மாண்டார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் 35 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். அதன் பிறகுதான் வெள்ளச் சமவெளியில் வீடு கட்டக் கூடாது என்ற முடிவும், பள்ளத்தாக்கு நிலங்களைப் பொதுவுடைமையாக வாங்கும் வேலையும் உறுதிபெற்றன. நீருக்கென்று விடப்பட்ட அந்த நிலத்திற்குத்தான் பீவர் திரும்பி வந்திருக்கிறது. வெள்ளம் பரவட்டும் என்று நாமே ஒதுக்கிய இடத்தில் அது நீரைப் பரப்புகிறது என்பதைக் குற்றமாக எழுதுவது எனக்கு விளங்கவில்லை.

அப்படிப் பரப்பிய நீரின் பயனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அல்பேர்ட்டாவின் எல்க் ஐலண்ட் தேசியப் பூங்காவில் கிளினிஸ் ஹூட், சுசான் பெய்லி ஆகிய இரு ஆய்வாளர்கள் 1948 முதல் 2002 வரையான 54 ஆண்டுகளின் வான்படங்களை ஒப்பிட்டார்கள். பீவர் இல்லாத காலத்தை விட, பீவர் வாழ்ந்த காலத்தில் அதே ஈரநிலங்களில் திறந்த நீர்ப்பரப்பு ஒன்பது மடங்கு இருந்தது. அதிலும் 2002 கடும் வறட்சி ஆண்டு. அமெரிக்காவின் மேற்கில் காட்டுத்தீ பரவிய நிலங்களை ஆராய்ந்த எமிலி ஃபெயர்பாக்ஸ், பீவர் அணை கட்டிய ஓடைக்கரைகள் தீயின் நடுவிலும் பச்சையாக நின்றதை 2020 இல் காட்டினார். ஸ்காபரோவில் காட்டுத்தீ இல்லைத்தான். ஆனால் ஒரு மணி நேர மழையில் ஓடை பொங்கி அடுத்த நாள் வற்றிப்போகும் நகரத்துக்கு, நீரைத் தாமதப்படுத்தும் எதுவும் வீண் அன்று.

பொறி வைப்பவர்கள் எல்லோரையும் எதிர்த்து நான் எழுதவில்லை என்பதை இங்கே தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். வடக்கில் பொறிவழி என்பது தொழில். கிறீ மக்களுக்கும் ஏனைய முதற்குடிகளுக்கும் அது உணவும் உரிமையும் ஆகும். பீவரை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது அவர்களின் தேவை அன்று. ஐரோப்பாவின் தொப்பி மோகமும் அதற்கு உரோமம் சேர்த்த வணிகமுந்தான். 1670 இல் அரச பட்டயம் பெற்ற ஹட்சன் வளைகுடாக் கம்பனி பீவர்த் தோலையே நாணயம் போல வைத்து, துப்பாக்கிக்கு இத்தனை தோல், போர்வைக்கு இத்தனை தோல் என்று கணக்கெழுதியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல பகுதிகளில் பீவரையே காணவில்லை. 1930களில் ஜேம்ஸ் வளைகுடாவின் ரூபர்ட் ஹவுஸில், அதே கம்பனியின் அலுவலராக இருந்த ஜேம்ஸ் வாட்டும் அவர் மனைவி மோடும், கிறீ வேட்டைக்காரர்களோடு சேர்ந்து ஒரு காப்பிடத்தை ஏற்படுத்தினார்கள். வீடுகளை எண்ணிக் குறித்து, பெருகும் வரை கைவைக்காமல் காத்து, பின்னர் கணக்குப் பார்த்துப் பிடித்தார்கள். அந்தப் பொறுப்பை ஏற்ற கிறீ பெரியவர்கள் தங்கள் நிலத்தில் எத்தனை வீடு, எந்த வீட்டில் எத்தனை உயிர் என்று அறிந்தவர்கள். நகரசபைகளின் பொறி ஒப்பந்தத்திலோ எத்தனை பீவர் இருக்கிறது என்ற கேள்வியே எழுவதில்லை. எத்தனை முறைப்பாடு வந்தது என்பதே கணக்கு.

முற்றான தடையையும் நான் கேட்கவில்லை. மசாசூசெற்ஸ் மாநிலத்தில் 1996 இல் வாக்கெடுப்பின் மூலம் கொல்லும் பொறிகள் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டன. பீவர் பெருகி, கிணறுகளிலும் வீதிகளிலும் நீர் ஏறியபோது மாற்று ஏற்பாட்டுக்கு எவரும் ஆயத்தமாக இருக்கவில்லை. 2000 இல் அவசர அனுமதியோடு அந்தப் பொறிகளை மீண்டும் அனுமதிக்க நேர்ந்தது. குழாயும் வேலியும் வைக்கும் திறமையை வளர்க்காமல் தடையை மட்டும் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று. தட்டையான விவசாய நிலத்தின் வடிகால்களில், ஓரடி நீர் உயர்ந்தாலே பயிர் அழுகும் இடத்தில், குழாய் வேலை செய்யாமற் போகலாம். புகையிரதப் பாதையின் கீழ் அணை உடைந்தால் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட இடங்களில் பொறிதான் முடிவென்றால் அதை எதிர்த்து நான் உங்கள் வாசலில் வந்து நிற்க மாட்டேன்.

நான் கேட்பது இதுதான். ஒவ்வோர் ஆண்டும் ஒக்ரோபரில், இலை உதிர்ந்து கிளைக்குவியல்கள் கண்ணுக்குத் தெரியும் காலத்தில், உங்கள் எல்லைக்குள் உள்ள பீவர் வீடுகளை எண்ணிப் பதியுங்கள். முறைப்பாடு வரும் மதகுகளையும் பாதைகளையும் கோடை முடிவதற்குள் போய்ப் பார்த்து, குழாயோ வேலியோ பொருந்துமா என்பதை ஒருவர் பெயரிட்டு எழுதட்டும். பொருந்தும் இடத்தில் நீர் உறைவதற்கு முன் அமைத்து முடியுங்கள். நீர் உறைந்த பிறகு, உயிராபத்து உள்ள இடம் தவிர, எந்த அணையையும் உடைக்க வேண்டாம். பொறி தவிர்க்க முடியாதது என்று முடிவெடுத்தால், அந்த முடிவையும் காரணத்தையும், பிடிபட்ட விலங்குகளின் எண்ணிக்கையையும், தவறி அகப்பட்ட நீர்நாய், கஸ்தூரி எலி ஆகியவற்றையும் பகிரங்கமாக வெளியிடுங்கள். மக்கள் நாய்களோடு நடக்கும் கரைகளில், பொறி நீருக்கடியில் இருந்தாலும், அறிவிப்புப் பலகை இருக்கட்டும். குளிர் தணிந்து பனிக்கட்டி மெலியும் மார்ச்சில் நாய் எங்கே இறங்கும் என்பது எவர் கையிலும் இல்லை.

1937 முதல் ஐந்து சத நாணயத்தில் பீவர் இருக்கிறது. 1975 இல் நாடாளுமன்றம் அதை நாட்டின் சின்னமாகச் சட்டமாக்கியது. ரொறன்ரோவின் இலச்சினையில் கேடயத்தைத் தாங்கி நிற்பதும் ஒரு பீவர். இதையெல்லாம் காட்டி நாணமூட்டுவது எளிது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரு மதகுக்குக் கடந்த ஐந்து குளிர்காலங்களில் பொறிகாரருக்குக் கொடுத்த தொகை எவ்வளவு, அதே மதகுக்கு வேலி அடிக்க ஆகும் தொகை எவ்வளவு என்று இரண்டு வரிகளை உங்கள் அடுத்த பாதீட்டு அறிக்கையில் பக்கம் பக்கமாகப் போடும்படி கேட்பதில்தான் என் நம்பிக்கை இருக்கிறது. இலையுதிர் காலத்துக்கு முன் அந்த இரண்டு வரிகளும் சபையில் வைக்கப்படுமானால், கூட்டத்துக்கு வந்து கேட்கவும், கூண்டில் அடைந்த இலைகளை அள்ளுவதற்கு அயலவர் சிலரைத் திரட்டிக்கொண்டு வரவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் ஓடைக்கரையில் குடியிருக்கும் ஒருவன்